சட்டமன்ற உறுப்பினர் இல்லாத லம்பா லைன்: குடியேற்ற நடவடிக்கைகள் குறித்து அந்தமான் மக்களுக்காகக் கேள்வி எழுப்புவது யார்?

ஸ்ரீ விஜய புரம்: சட்டவிரோதக் குடியேற்றம் குறித்து நாட்டின் பல மாநிலச் சட்டமன்றங்களில் அனல் பறக்கும் விவாதங்கள் நடைபெற்று வருகின்றன. வெளிநாட்டினரைக் கண்டறிந்து வெளியேற்ற வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வலியுறுத்துகின்றனர். தஞ்சம் தேடி வந்தோரைக் காக்க வேண்டும் என்று வேறு சிலர் வாதிடுகின்றனர். ஆனால், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரில் விமான நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள லம்பா லைன் பகுதி மக்களுக்கு இந்த விவாதத்தில் கருத்துச் சொல்லச் சட்டமன்ற உறுப்பினர் எவரும் இல்லை. தீவுகளுக்குச் சட்டமன்றமே இல்லை என்பதே இதற்குக் காரணம்.

தீவுகளுக்கு விமானத்தில் வரும் வெளிநாட்டினர் முதலில் கால் பதிப்பது லம்பா லைனை அடுத்துள்ள வீர் சாவர்க்கர் விமான நிலையத்தில்தான். குடிவரவுச் சோதனை, வெளிநாட்டினர் பதிவு, எல்லைக் கண்காணிப்பு ஆகியவை இத்தீவு மக்களின் அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் நடைபெறுபவை. அவை தொடர்பான முடிவுகளோ டெல்லியில் எடுக்கப்படுகின்றன. இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது, அதனால் மக்களுக்கு என்ன பாதிப்பு, சட்டமன்றம் இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அரசியல் சாசனம் சொல்வது என்ன?

இந்திய அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, மத்திய, மாநில அரசுகளின் அதிகாரங்களைப் பிரித்துத் தருகிறது. குடியுரிமை, வெளிநாட்டினர் ஆகியவை மத்தியப் பட்டியலின் 17-ஆவது இனத்திலும், நாட்டுக்குள் நுழைதல், வெளியேற்றம், கடவுச்சீட்டு, விசா ஆகியவை 19-ஆவது இனத்திலும் இடம்பெற்றுள்ளன. எனவே, எந்த மாநிலச் சட்டமன்றமும் இவை குறித்துச் சட்டம் இயற்ற இயலாது.

அதே வேளையில், காவல்துறை, நிலம், உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒருவரைத் தடுத்து நிறுத்தி ஆவணம் கேட்பவர் பெரும்பாலும் மாநிலக் காவலரே. அவர் குடியிருக்கும் வீட்டுக்கு மின் இணைப்பு தருவதும், அவர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் மாநில நிர்வாகமே. மேலும், வெளிநாட்டினரைக் கண்டறிதல், வெளியேற்றுதல் தொடர்பான தனது அதிகாரங்களை அரசியல் சாசனத்தின் 258-ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு மாநிலங்களுக்கு ஒப்படைத்துள்ளது. சட்டம் டெல்லியுடையது, அதைக் களத்தில் செயல்படுத்தும் கை மாநிலத்துடையது. இதனால்தான் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் கருத்துக்கு நடைமுறையில் எடை கூடுகிறது.

தீர்மானத்தால் முடிந்ததும் முடியாததும்

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளலாம். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமை திருத்தச் சட்டத்தை ரத்து செய்ய வலியுறுத்தி, 2021 செப்டம்பர் 8-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார். பாஜக உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்த நிலையில் அது நிறைவேறியது. இலங்கைத் தமிழ் அகதிகள் அந்தச் சட்டத்தின் பயன்பெறுவோர் பட்டியலில் சேர்க்கப்படாதது அப்போது முன்வைக்கப்பட்ட முக்கிய வாதங்களில் ஒன்று.

அத்தீர்மானத்தால் சட்டம் ரத்தாகவில்லை. 2024 மார்ச் 11-ஆம் தேதி மத்திய அரசு அதற்கான விதிகளை அறிவித்தது. விண்ணப்பங்களை ஆராயும் மாவட்டக் குழுவுக்கு அஞ்சல் துறைக் கண்காணிப்பாளரும், முடிவெடுக்கும் குழுவுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இயக்குநரும் தலைமை வகிக்கும் வகையில் அவ்விதிகள் அமைந்தன. இருவருமே மத்திய அரசின் அலுவலர்கள் ஆவர். மாநில நிர்வாகத்தின் ஒத்துழைப்பு பெரிதாகத் தேவைப்படாத ஏற்பாடு அது.

ஆயினும், மாநிலத்தின் கையில் இருந்தவற்றில் மாற்றம் நிகழ்ந்தது. அதே 2021 ஆகஸ்ட் மாதம், முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கென ரூ.317.40 கோடி மதிப்பிலான திட்டங்கள் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டன. முகாம்களில் 58,822 பேர் வசிப்பதாக அரசு அப்போது தெரிவித்தது. புதிய வீடுகள், கல்வி உதவித்தொகை, மாதாந்திரப் பணக்கொடை உயர்வு ஆகியவை அதில் அடங்கும். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. குடியுரிமை வழங்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு இல்லை. ஆனால், வீடு கட்டித் தரும் அதிகாரம் இருந்தது.

மிசோரம் மற்றோர் உதாரணம். மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், எல்லை தாண்டி வருவோரைத் தடுக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 10-ஆம் தேதி வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அகதி என்ற தகுதியை வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என்றும் அதில் நினைவூட்டப்பட்டது. அப்போதைய மிசோரம் முதலமைச்சர் சோரம்தங்கா, அதனை ஏற்க இயலாது எனப் பிரதமருக்கு மார்ச் 18-ஆம் தேதி பதில் எழுதினார். அதன் பின்னர் மிசோரமில் ஆயிரக்கணக்கான மியான்மர் மக்கள் தஞ்சம் பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசு ஒன்று மறுப்புத் தெரிவித்ததால் களத்தில் நிலைமை மாறியதற்கு இது சான்று.

புதுச்சேரியும் அந்தமானும்

யூனியன் பிரதேசம் என்பதால்தான் அந்தமானுக்குச் சட்டமன்றம் இல்லை என்று கருதுவது தவறு. புதுச்சேரியும் யூனியன் பிரதேசமே. ஆனால், 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின் கீழ் அங்கு 30 உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். 3 பேர் நியமிக்கப்படுகின்றனர். மாநிலங்களவையிலும் புதுச்சேரிக்கு ஓர் இடம் உண்டு.

2020 பிப்ரவரி 12-ஆம் தேதி, நாராயணசாமி தலைமையிலான புதுச்சேரி அரசு குடியுரிமை திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாறு செய்த முதல் யூனியன் பிரதேசம் அதுவே. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் குறித்து யூனியன் பிரதேசச் சட்டமன்றம் விவாதிக்க இயலாது என அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். சட்ட ரீதியில் அத்தீர்மானத்தின் பயன் என்னவாயினும், மக்களின் ஒரு பகுதியினரது கருத்து அவைக்குறிப்பில் பதிவானது. எதிர்த்தோரின் நிலைப்பாடும் பதிவானது.

அந்தமானில் அத்தகைய பதிவுக்கே இடமில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி யூனியன் பிரதேசமான இத்தீவுகளைக் குடியரசுத் தலைவரின் சார்பில் துணைநிலை ஆளுநர் நிர்வகிக்கிறார். அரசியல் சாசனத்தின் 240-ஆவது பிரிவின்படி, தீவுகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டங்களைக் குடியரசுத் தலைவரே பிறப்பிக்கலாம். நாடாளுமன்றச் சட்டத்துக்குரிய வலிமை அவற்றுக்கு உண்டு. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, நில வருவாய்க்கான 1966-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஊராட்சி, நகராட்சிகளுக்கான 1994-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆகியவை அவ்வாறு பிறந்தவையே.

மாநிலங்களவையில் தீவுகளுக்கு இடமில்லை. 543 உறுப்பினர் கொண்ட மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர் உள்ளார். 2024 தேர்தலில் பாஜகவின் பிஷ்ணு பத ராய் அத்தொகுதியில் வெற்றி பெற்றார். அவருக்கு அடுத்த நிலையில் ஊராட்சி உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் உள்ளனர். குப்பை, சாலை விளக்கு, வடிகால் ஆகியவை குறித்து அவர்களிடம் முறையிடலாம். காவல்துறை குறித்தோ, நிலப் பட்டா குறித்தோ, குடிவரவு நடவடிக்கை குறித்தோ முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

வந்தவர்களால் உருவான தீவுச் சமூகம்

அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினல் மக்கள், நிக்கோபார் மக்கள், ஷோம்பென் ஆகிய பழங்குடியினரைத் தவிர, இன்று தீவுகளில் வாழும் அனைவரும் ஏதோ ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே. 1858-இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டனைக் குடியிருப்புக்குக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் உள்ளனர். மலபார் கிளர்ச்சிக்குப் பின் வந்த மாப்பிள்ளை முஸ்லிம்கள், ராஞ்சியிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள், 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பகுதியில் குடியேறிய கரேன் மக்கள் ஆகியோரும் உள்ளனர். பிரிவினைக்குப் பின், 1949 முதல் கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்களை அரசே இங்கு குடியமர்த்தியது.

தமிழர்களின் வருகை பல கட்டங்களில் நிகழ்ந்தது. கட்டுமானம், துறைமுகம், வணிகம், அரசுப்பணி ஆகியவற்றை நாடி வந்தோர் ஒருபுறம். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோர் மறுபுறம். அந்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அவர்களில் சில குடும்பங்கள் நிக்கோபார் தொகுப்பிலுள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காட்டினர். வங்காள மொழி பேசுவோருக்கு அடுத்து இரண்டாவது பெரிய மொழிச் சமூகம் தமிழர்களே.

தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும், அரசு குடியமர்த்திய வங்காளிகளும் சட்டப்படி வந்தவர்கள். இருப்பினும், வெளிநாட்டுப் பிறப்பிடம், பழைய குடியேற்ற ஆணை, சிதைந்த ஆவணம் ஆகியவற்றின் காரணமாக, சரிபார்ப்பு ஒவ்வொன்றும் இக்குடும்பங்களுக்குக் கூடுதல் சுமையாகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் கச்சால் தீவு பேரழிவைச் சந்தித்தது. வீட்டோடு ஆவணங்களையும் இழந்தோர் அங்கு உண்டு.

இரட்டைக் கட்டுப்பாடு

தீவுகளில் குடியேற்றக் கட்டுப்பாடு இரு வகைப்படும். முதலாவது, வெளிநாட்டினருக்கானது. 1963-ஆம் ஆண்டின் ஆணைப்படி, தீவுகள் முழுவதும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டு, வெளிநாட்டினர் தனி அனுமதிச்சீட்டு பெறுவது கட்டாயமாக்கப்பட்டது. சுற்றுலாவை வளர்க்கும் நோக்கில், 2018-இல் சுமார் 30 தீவுகளுக்கு இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. எனினும், ஆப்கானிஸ்தான், சீனா, பாகிஸ்தான் நாட்டினருக்குத் தளர்வு அளிக்கப்படவில்லை. மியான்மர் நாட்டினர் மாயாபந்தர், டிக்லிபூர் பகுதிகளுக்குச் செல்ல உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி தேவை என்ற நிபந்தனையும் தொடர்ந்தது. கரேன் மக்களின் கிராமங்கள் இருப்பது இதே மாயாபந்தர் பகுதியில்தான்.

பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழைவது தடை செய்யப்பட்டுள்ளது. 2025 மார்ச் மாத இறுதியில் வடக்கு சென்டினல் தீவில் இறங்கிய 24 வயது அமெரிக்கர் ஒருவர் கைது செய்யப்பட்டது நினைவிருக்கலாம். வெளியாரின் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் அம்மக்களுக்கு இல்லை என்பதால், இந்தக் கட்டுப்பாடு அவர்களின் உயிர் சார்ந்தது.

இரண்டாவது வகைக் கட்டுப்பாடு, இந்தியக் குடிமக்கள் தொடர்பானது. பெருநிலப்பகுதியிலிருந்து வருவோரின் எண்ணிக்கை தீவின் காடுகளுக்கும் குடிநீருக்கும் தாங்க முடியாத பாரமாகிறது என்ற கவலை நீண்டகாலமாக நிலவுகிறது. உச்சநீதிமன்றம் அமைத்த சேகர் சிங் ஆணையம், தீவுகளுக்குள் வருவோரை ஒழுங்குபடுத்தவும், குடியிருப்போருக்கு அடையாள அட்டை வழங்கவும் பரிந்துரைத்தது. 2002 மே 7-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்த ஆணையத்தின் பரிந்துரைகளைப் பெருமளவு ஏற்று உத்தரவிட்டது.

தீவுவாசி அடையாள அட்டை இன்று தீவு வாழ்வின் முக்கிய ஆவணமாகும். கப்பல் கட்டணச் சலுகை போன்றவற்றை அதனைக் கொண்டே பெற முடியும். நீண்டகாலம் தீவில் வசித்ததை நிரூபிக்க முடியாதவர், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், இங்கு 'வெளியார்' ஆகிறார். அது குடியுரிமைச் சான்று அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது.

புதிய சட்டம் கொண்டுவந்த மாற்றம்

குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 கடந்த 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களுக்கு மாற்றாக இது இயற்றப்பட்டது. உரிய கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நாட்டுக்குள் நுழைவோருக்கு 5 ஆண்டுகள் வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தங்கும் விடுதிகள், மருத்துவமனைகள், கல்வி நிறுவனங்கள் ஆகியவை தங்களிடம் வரும் வெளிநாட்டினர் குறித்துத் தகவல் அளிக்க வேண்டும்.

ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற கேள்வி எழுமானால், தாம் வெளிநாட்டவர் அல்ல என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆவணங்களை இழந்த குடும்பங்களுக்கு இதுவே மிகுந்த கவலையளிக்கும் அம்சம்.

தமிழர்களுக்கு முக்கியமான விலக்கு ஒன்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு இச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆவணமின்றி வந்ததற்காக அவர்கள்மீது வழக்குத் தொடரப்படாது என்பதே இதன் பொருள். குடியுரிமை கிடைத்துவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

விமான நிலையத்தில் நடந்தது என்ன?

சட்டமன்றம் இல்லாததன் விளைவை உணர்த்திய நிகழ்வு 2025 மே மாதம் பேசுபொருளானது. டெல்லியில் பிடிக்கப்பட்ட சுமார் 40 ரோஹிங்கியாக்கள் விமானத்தில் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டு, கடற்படைக் கப்பலில் ஏற்றப்பட்டு, மியான்மர் கடற்பகுதியில் இறக்கிவிடப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இது குறித்து ஐ.நா.வின் மியான்மருக்கான சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் விசாரணை தொடங்கினார். மே 16-ஆம் தேதி இந்த விவகாரத்தை விசாரித்த உச்சநீதிமன்றம், குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை எனக் கேள்வி எழுப்பி, இடைக்கால உத்தரவு பிறப்பிக்க மறுத்தது.

குற்றச்சாட்டு உண்மையா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இத்தகைய நிகழ்வு ஒரு மாநிலத்தின் விமான நிலையம் வழியாக நடந்ததாகக் கூறப்பட்டிருந்தால், அம்மாநிலச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் மறுநாளே கேள்வி எழுப்பியிருப்பார். மாநிலக் காவல்துறைக்கு அதில் பங்கு உண்டா என்பதற்கு அமைச்சர் பதில் அளித்திருப்பார். அல்லது பதில் அளிக்க மறுத்தது பதிவாகியிருக்கும். லம்பா லைனில் வசிப்பவர், தம் வீட்டருகே நடந்ததாகச் சொல்லப்படுவதை ஜெனீவாவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வந்த செய்திகள் வழியாகவே அறிய நேர்ந்தது.

வாக்காளர் பட்டியலும் குடிநீரும்

இந்திய தேர்தல் ஆணையம் 2025 அக்டோபர் 27-ஆம் தேதி அறிவித்த வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தத்தின் இரண்டாம் கட்டத்தில் அந்தமானும் இடம்பெற்றது. டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில், முன்பிருந்த சுமார் 3.10 லட்சம் வாக்காளர்களில் ஏறக்குறைய 64,000 பேரின் பெயர்கள் இல்லை. அதாவது, ஐந்தில் ஒருவர். இறப்பு, இடப்பெயர்வு, இரட்டைப் பதிவு போன்றவற்றால் பெயர்கள் நீக்கப்படலாம் என்பதாலும், ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு தரப்பட்டதாலும், நீக்கப்பட்டோர் அனைவரும் வெளிநாட்டினர் என்று கருதுவது தவறு. பணி மாறுதலும் பருவகால வேலையும் மிகுந்த தீவுகளில் இடப்பெயர்வு இயல்பானது. ஒரே ஒரு மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கே இங்கு மக்களின் மிகப்பெரிய அரசியல் உரிமை என்பதால், பட்டியலில் பெயர் இருப்பது இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

குடியேற்றம் குறித்த கருத்து வேறுபாடு தீவு மக்களிடையேயும் உண்டு. தலைநகரின் குடிநீர்த் தேவைக்குப் பெரிதும் நம்பியிருக்கும் தனிக்காரி அணையில் கோடையில் நீர் குறையும்போது, சில நாள்களுக்கு ஒருமுறையே குழாயில் தண்ணீர் வருகிறது. புதிதாக வருவோரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற குரல் அப்போது வலுக்கிறது. அதே நேரத்தில், கட்டுமானத் தளங்களும் விடுதிகளும் பெருநிலத் தொழிலாளர்களை நம்பியே இயங்குகின்றன.

இதற்கிடையே, சுமார் 8,000 பேர் வசிக்கும் கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், புதிய நகரம் ஆகியவற்றை உள்ளடக்கிய பெருந்திட்டத்தை மத்திய அரசு முன்னெடுத்துள்ளது. சில பத்தாண்டுகளில் அங்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் குடியேறுவர் எனத் திட்ட ஆவணங்கள் கணிக்கின்றன. இது 2011-இல் தீவுகள் அனைத்திலும் இருந்த மொத்த மக்கள்தொகைக்கு ஏறக்குறைய நிகரானது. தீவுகளின் வரலாற்றில் மிகப்பெரிய குடியேற்றமாக அமையக்கூடிய இத்திட்டம் குறித்து வாக்களிக்கத் தீவு மக்களுக்கெனத் தனி அவை இல்லை.

சட்டமன்றம் வேண்டுமா?

சட்டமன்றம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை தீவுகளில் பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. மக்கள்தொகை குறைவு, மத்திய அரசின் நிதியையே சார்ந்த பொருளாதாரம், மலாக்கா நீரிணைக்கு அருகில் அமைந்த ராணுவ முக்கியத்துவம், பழங்குடியினர் பாதுகாப்பு ஆகியவை எதிர்வாதங்களாக முன்வைக்கப்படுகின்றன. வந்தேறிய சமூகங்களின் பெரும்பான்மை கொண்ட அவை, வாக்கு வலிமையற்ற பழங்குடியினரின் நிலத்தைக் காக்குமா என்ற ஐயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

2011-இல் சுமார் 6.1 லட்சம் மக்களே வாழ்ந்த சிக்கிமுக்கு 32 உறுப்பினர் கொண்ட சட்டமன்றமும், எல்லைப் பகுதிக்குரிய தனிப் பாதுகாப்பு விதிகளும் ஒருங்கே உள்ளன என்பதை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டலாம். எனினும், சட்டமன்றம் அமைந்தாலும் குடிவரவு மத்திய அரசின் அதிகாரமாகவே நீடிக்கும். உறுப்பினர் ஒருவரால் எவரையும் நாடு கடத்தவோ, நாடு கடத்துவதைத் தடுக்கவோ இயலாது. காவல்துறையின் சரிபார்ப்பு எவ்வாறு நடந்தது, எத்தனை பேரின் அடையாள அட்டை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, ஏன் என்று அவர் கேட்கலாம். அதற்கு எழுத்துப்பூர்வமான பதிலைப் பெறலாம்.

தற்போதைய நிலையில், லம்பா லைன் வாசி ஒருவரின் அடையாள அட்டை விண்ணப்பமோ, வாக்காளர் பதிவோ நிராகரிக்கப்பட்டால், அவர் மாவட்ட நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணம் கேட்கலாம். மக்களவை உறுப்பினரை அணுகலாம். இறுதியில், தலைநகரில் இயங்கும் கொல்கத்தா உயர்நீதிமன்றத்தின் சுற்று அமர்வை நாடலாம். இவை அனைத்தும் தனி மனிதர் தம் சொந்தச் செலவிலும் முயற்சியிலும் மேற்கொள்ள வேண்டிய வழிகள் என்பதும், அவருக்காக அவையில் எழுந்து கேள்வி கேட்கும் தொகுதி உறுப்பினர் இன்றுவரை இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.